உங்களுக்குத் தெரியுமா? தீவிர சிகிச்சையில் தடுமாறும் மூளை

நிமோனியாவுக்காக ஐ.சி.யு.வில் சேர்த்த பெரியவர் மூன்றாம் நாள் காலைவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மாலையில் பார்க்கப் போன மகளிடம் 'நீ யாரும்மா?' என்கிறார். கூரையில் பூச்சி ஊர்கிறதாம். நர்ஸ் விஷ ஊசியோடு நிற்கிறாராம். மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். 'வயசாயிடுச்சுல்ல', 'மருந்து சூடு', 'பயந்துட்டார்போல' என்று வராந்தாவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். கடும் நோயில் சிறுநீரகம் வேலையை நிறுத்துகிறது, இதயம் திணறுகிறது. அதேபோல மூளையும் திணறுகிறது. இது ஓர் உறுப்பின் செயலிழப்பு. பைத்தியமும் அல்ல, மனவலிமைக் குறைவும் அல்ல.

*

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. உடம்பில் எங்கே தட்டுப்பாடு வந்தாலும் மூளைக்கு உடனே உறைப்பது இதனால்தான்.

*

டெலிரியம் எத்தனை பேருக்கு வரும்? அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் வெஸ்லி ஈலியும் அவர் குழுவினரும் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளைத் தினமும் சோதித்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளிவந்த அந்த ஆய்வில் 224 பேரில் 183 பேருக்கு ஐ.சி.யு. நாட்களில் எப்போதாவது டெலிரியம் வந்திருந்தது. ஐந்தில் நான்கு பேர்! டெலிரியம் வந்தவர்களில் 34 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். வராதவர்களில் 15 சதவீதம் பேர். வயது, நோயின் கடுமை எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. பெரிய நோயோடு ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைத் தொந்தரவு என்று இதை ஒதுக்கிவைத்திருந்தவர்களை உலுக்கிய ஆய்வு இது.

*

உலுக்கல் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். 1959-லேயே ஜார்ஜ் எங்கெல், ஜான் ரொமானோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் டெலிரியத்தை 'மூளையின் போதாமை' என்று வரையறுத்து விரிவாக எழுதிவிட்டார்கள். குழம்பிய நோயாளிகளின் மூளை மின்னலைகள் வேகம் குறைந்து ஓடுவதையும், நோய் தணியத் தணிய அலைகள் பழைய வேகத்துக்குத் திரும்புவதையும் ஈ.ஈ.ஜி.யில் பதிவு செய்து காட்டினார்கள். சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றின் போதாமையைத் தேடித்தேடிப் பார்க்கும் மருத்துவர்கள் மூளையின் போதாமையை மட்டும் கவனிப்பதில்லை என்ற ஆதங்கம் அவர்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் பல ஐ.சி.யு. சார்ட்டுகளில் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர் அளவுக்கும் மணிக்கொரு கட்டம் இருக்கிறது. குழப்பத்துக்குக் கட்டம் இல்லை.

*

டெலிரியம் என்றதும் கத்துகிறவர், குதிக்கிறவர், குழாயைப் பிடுங்குகிறவர்தான் நம் நினைவுக்கு வருவார். உண்மையில் ஐ.சி.யு.வில் முழுக்க ஆர்ப்பாட்டமாகவே இருக்கும் வகை மிகமிக அரிது. 2006-ல் வந்த ஓர் ஆய்வில், டெலிரியம் வந்தவர்களில் அந்த வகையினர் 100-க்கு 2 பேர்கூட இல்லை. ஏறத்தாழ 44 சதவீதம் பேர் அமைதி வகை. மீதிப் பேர் ஒருநேரம் அடங்கியும் ஒருநேரம் ஆர்ப்பரித்தும் இருந்தவர்கள்.

இந்த அமைதி வகையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கண் பாதி திறந்திருக்கும். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் தாமதமாக. சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம். 'நல்ல பேஷன்ட், தொந்தரவே இல்லை' என்று பெயர் வாங்கிவிடுவார். 'பாவம், அசதியில் தூங்கறார்' என்று வீட்டாரும் திரும்பி வந்துவிடுவார்கள். உள்ளே மூளை செயலிழந்துகொண்டிருக்கும். கத்துகிறவரைப் பார்க்க டாக்டர் ஓடி வருகிறார். பேசாமல் கிடப்பவருக்காக யாரும் ஓடி வருவதில்லை.

*

தொண்டைக்குள் குழாய் இருக்கிறது, பேச முடியாது. அப்படிப்பட்டவர் குழம்பியிருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2001-ல் ஈலியின் குழு இதற்கொரு சோதனையை வெளியிட்டது. அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோயி 1990-ல் பொதுவார்டுகளுக்காக உருவாக்கிய 'கேம்' என்ற முறையை ஐ.சி.யு.வுக்குத் தக்கபடி மாற்றியது, பெயர் கேம்-ஐ.சி.யு.

நர்ஸ் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வார். 'நான் சில ஆங்கில எழுத்துகளைச் சொல்வேன், ஏ என்று சொல்லும்போது மட்டும் என் கையை அழுத்துங்கள்' என்பார். பிறகு எஸ், ஏ, வி, இ, ஏ, ஹெச், ஏ, ஏ, ஆர், டி என்று பத்து எழுத்துகளை நிதானமாகச் சொல்வார். ஏ வரும்போது அழுத்தாவிட்டாலும் தவறு, மற்ற எழுத்துக்கு அழுத்தினாலும் தவறு. இரண்டு தவறுக்கு மேல் போனால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். அடுத்து, தலையசைத்தே பதில் சொல்லக்கூடிய சில கேள்விகள் உண்டு: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்கிறதா? ஆணி அடிக்கச் சுத்தியல் உதவுமா?

பழகிய கைக்கு ஓரிரு நிமிட வேலை. ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை.

*

மேலே சொன்ன சோதனையில் ஞாபகசக்தியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கவனம்தான் முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. டெலிரியத்தின் அடையாளமே கவனம் சிதறுவதுதான். பத்து எழுத்து சொல்லி முடிக்கும்வரை மனம் ஒரு வேலையில் நிற்காது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்துவிடும். மறதி நோய் உள்ளவருக்கு அதன்மேல் டெலிரியமும் வரலாம், எளிதாகவே வரும்.

*

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னவர், பொழுது சாய்ந்ததும் ஊர் பேர் தெரியாமல் விழிப்பார். ஏறி இறங்குவது டெலிரியத்தின் இயல்பு. அதனால் டாக்டர் பார்த்த நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. 'நேத்து சாயந்திரம் என்னைத் தெரியலை டாக்டர், இன்னிக்குப் பரவாயில்லை' என்று வீட்டார் சொல்லும் அந்த ஒரு வரி, நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல். அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று தெரிந்தவர்கள் வீட்டார் மட்டும்தான். தயங்காமல் சொல்லுங்கள்.

*

ஐ.சி.யு.வே எழுபது ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட பழக்கம்தான். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்திக் காப்பாற்றினார். இயந்திரம் போதுமான அளவு இல்லாததால் ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, படுக்கையருகே உட்கார்ந்து, மாதக்கணக்கில் கையாலேயே அந்தப் பையை அமுக்கினார்கள். அடுத்த ஆண்டு, இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி வார்டு ஒன்றை இப்சன் தொடங்கினார். உலகத்தின் முதல் ஐ.சி.யு. என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

மூச்சு முழுக்க அடுத்தவர் கையில் இருந்த அந்த நோயாளிகளுக்கு ஒவ்வொரு மணி நேரமும் பக்கத்தில் ஒரு மனித முகம் இருந்தது. பிறகு இயந்திரங்கள் வந்தன. உயிர்கள் மேலும் பிழைத்தன. கூடவே, வென்டிலேட்டரில் இருப்பவரை ஆழ்ந்த மயக்கத்தில் வைப்பதே நல்லது, அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கட்டும் என்ற பழக்கமும் மெல்ல மெல்ல வேரூன்றியது.

*

அந்தப் பழக்கத்தை அசைத்தது சிகாகோவில் நடந்த ஓர் எளிய சோதனை. தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி, நோயாளி விழிக்கிறாரா என்று பார்ப்பது. அவ்வளவுதான். 128 பேரிடம் செய்து பார்த்து 2000-ல் வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் வென்டிலேட்டரில் 7.3 நாள் இருக்க வேண்டியிருந்தது, இந்த முறையில் 4.9 நாளாகக் குறைந்தது.

2008-ல் வந்த இன்னோர் ஆய்வில் ஒரு படி மேலே போனார்கள். தினமும் மயக்க மருந்தை நிறுத்துவதோடு, தானாக மூச்சுவிட முடிகிறதா என்ற சோதனையையும் சேர்த்துச் செய்தார்கள். இப்படிச் செய்த ஏழு பேருக்கு ஒருவர் வீதம், ஓராண்டுக் கணக்கில், கூடுதலாக உயிர் பிழைத்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. இருந்த மருந்தைக் குறைத்ததற்குக் கிடைத்த பலன்.

*

மயக்கம் தூக்கம் அல்ல. விளக்கணைத்த வீடும் ஆள் இல்லாத வீடும் தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும். மருந்து மயக்கத்தில் இயல்பான தூக்கத்தின் ஆழ்நிலைகளும் கனவு நிலையும் சரிவர அமைவதில்லை. மயக்கம் இல்லாத ஐ.சி.யு. நோயாளிகளின் தூக்கமோ துண்டு துண்டாகிவிடுகிறது. மொத்தத் தூக்கத்தில் ஏறத்தாழப் பாதி பகலில் வருகிறது.

*

மயக்க மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. பென்சோடையசிபீன் வகையில் மிடாசோலாம், லோராசிபாம் முதலிய மருந்துகள் உண்டு. இவற்றில் லோராசிபாமுக்கும் டெலிரியத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது வாண்டர்பில்ட் குழுவின் 2006 ஆய்விலேயே தெரிந்தது. கொடுத்த அளவு கூடக்கூட, மறுநாள் டெலிரியம் வரும் வாய்ப்பும் கூடியது. ஐ.சி.யு. மருத்துவர்களுக்கான 2018 சர்வதேச வழிகாட்டுதல், வென்டிலேட்டரில் இருக்கும் பெரியவர்களுக்கு பென்சோடையசிபீன்களைவிட புரோபோஃபால், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகிய மருந்துகளைத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைக்கிறது. அதற்கும் முன்னால், நோயாளிக்கு வலி இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறது. பல நேரம் ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் அடக்கப்படாத வலிதான்.

*

பென்சோடையசிபீனைத் தவிர்ப்பதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. தினமும் குடிப்பவர் விபத்திலோ காய்ச்சலிலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குடி திடீரென நின்றுபோகிறது. கடைசிக் குடிக்குப் பின் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்களைப் பார்த்து அலறுவது, வலிப்பு என்று வரலாம். இந்த வகை டெலிரியத்துக்கு அதே பென்சோடையசிபீன்தான் மருந்து. தயமின் என்ற பி1 வைட்டமினும் ஊசியாகத் தேவைப்படும். மருத்துவர் சரியான மருந்தை எடுக்க வேண்டுமானால் குடி விஷயம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'எப்பவாவது ஒரு நாள்தான் டாக்டர்' என்று குடும்ப கௌரவத்துக்காக மறைக்கும் அந்த ஒரு பொய் உயிரைக் குடித்துவிடும். எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்று மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள்.

*

குழப்பத்தைத் தீர்க்க மாத்திரை இல்லையா? பல ஆண்டுகளாக ஹாலோபெரிடால் என்ற மருந்தைத்தான் எல்லோரும் கொடுத்துவந்தார்கள். 2018-ல் வெளிவந்த மைண்ட்-யு.எஸ்.ஏ. ஆய்வில் டெலிரியம் வந்த 566 பேரை மூன்றாகப் பிரித்து ஹாலோபெரிடால், சிப்ராசிடோன், வெறும் உப்புநீர் என்று கொடுத்துப் பார்த்தார்கள். டெலிரியம் நீடித்த நாட்களில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு ஆர்ப்பரிப்பவரையோ பயங்கரக் காட்சிகளால் துடிப்பவரையோ அடக்க மருந்து தேவைப்படலாம். ஆனால் மூளையைத் தெளியவைக்கும் வேலையை அது செய்வதில்லை. அடிப்படைக் காரணத்தைத் தேடிச் சரிசெய்வதுதான் வழி.

*

காரணங்களின் பட்டியல் நீளமானது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சில நிமிடங்களில் சரிசெய்யலாம், விட்டால் மூளை நிரந்தரமாகச் சேதமாகும். சோடியம் குறைந்திருக்கலாம். கல்லீரல் பழுதானவருக்கு அம்மோனியா ஏறியிருக்கலாம். அவருக்கு மலச்சிக்கல்கூடக் குழப்பத்தைக் கிளப்பிவிடும், அதனால்தான் லேக்டுலோஸ் சிரப் கொடுத்து வயிற்றைப் போகவைக்கிறார்கள். சிறுநீரகம் நின்று யூரியா கூடியிருக்கலாம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம். அரிப்புக்கும் சளிக்கும் தரும் பழைய வகை மாத்திரைகள் சிலவும் வயதானவர்களைக் குழப்பும்.

*

எல்லாவற்றுக்கும் மேலே, செப்சிஸ். அதாவது, தொற்றை எதிர்க்கும் உடலின் வேகமே கட்டுமீறி உறுப்புகளைக் கெடுப்பது. உதாரணமாக, கிருமி இருப்பது சிறுநீர்ப் பாதையில்; மூளைக்குள் ஒரு கிருமிகூடப் போகவில்லை. ஆனாலும் அந்தத் தொற்றை எதிர்த்து உடல் கிளப்பிவிடும் அழற்சி ரசாயனங்கள் ரத்தத்தில் பரவுகின்றன, மூளையைக் காக்கும் ரத்தக்குழாய்த் தடுப்பைத் தளர்த்துகின்றன, மூளையில் காவலிருக்கும் மைக்ரோகிளியா செல்களைத் தூண்டிவிடுகின்றன. வயதானவர்களுக்குக் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே குழப்பம் தெரிவதுண்டு. வீட்டில் நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டி இன்று திடீரென உளறினால் 'வயசு' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

*

வலிப்பு என்றால் கை கால் இழுக்க வேண்டும் என்று அவசியமில்லை. அமெரிக்காவில் வலிப்பின் எந்த வெளி அடையாளமும் இல்லாத 236 கோமா நோயாளிகளுக்கு ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். 8 சதவீதம் பேருக்கு மூளைக்குள் வலிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 2000-ல் வந்த தகவல் இது. காரணம் தெரியாமல் நினைவு திரும்பாதவருக்கு ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

*

'ஜி.சி.எஸ். எட்டுதான் இருக்கு' என்று ஐ.சி.யு. வாசலில் சொல்வார்களே, அது கிளாஸ்கோ கோமா அளவு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் 1974-ல் வெளியிட்டது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண். மிக உயர்ந்தது 15. மிகக் குறைந்தது பூஜ்யமல்ல, 3. டெலிரியத்தை இது பிடிக்காது. 14 மதிப்பெண்ணோடு முழுக்கக் குழம்பிக் கிடப்பவர் உண்டு.

*

ஜன்னல் மருந்தாகுமா? 1972-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை முடிந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் இல்லாத ஐ.சி.யு.வில் இருந்தவர்களுக்கு, ஜன்னல் உள்ள ஐ.சி.யு.வில் இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் டெலிரியம் வந்திருந்தது. பகலா இரவா என்றே தெரியாத வெள்ளை வெளிச்சத்தில் மூன்று நாள் படுத்தால் நல்ல மூளையும் நேரத்தைத் தொலைத்துவிடும். சத்தமும் அப்படித்தான். ஆஸ்பத்திரி அறைகளில் இரவில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரும்பாலான ஐ.சி.யு.க்கள் நள்ளிரவிலும் 50-ஐத் தாண்டுகின்றன.

*

ஐ.சி.யு.வில் சேர்க்கும்போது மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பாலிதீன் பையில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். அது நேரே பீரோவுக்குப் போய்விடும். கண் மங்கிய, காது மந்தமான ஒருவர், முகக்கவசம் போட்ட அந்நியர்கள் நடுவே, யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் கிடப்பார். சுவரில் தெரியும் நிழல் அவருக்குப் பாம்பாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

'கேம்' முறையை உருவாக்கிய இனோயி இதைத்தான் பிடித்துக்கொண்டார். யேல் பல்கலைக்கழக மருத்துவமனையின் பொதுவார்டில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரிடம் நடந்த ஆய்வு, 1999-ல் வெளிவந்தது. கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது கேட்க உதவுவது, தண்ணீர் குடிக்கவைப்பது, நடக்கவைப்பது, தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பாலும் இதமான இசையும், நாளையும் இடத்தையும் நினைவூட்டிப் பேசுவது. இப்படிக் கவனித்தவர்களில் 9.9 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம். வந்த பிறகு விரட்டுவது கடினம், வராமல் தடுக்க முடியும் என்று காட்டிய ஆய்வு. வீட்டாரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தப் பாலிதீன் பையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நர்ஸிடம் கேட்டுத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

*

குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிலோடு கட்டிவைப்பதை நம் ஊரில் பலரும் பார்த்திருப்பார்கள். உயிர்காக்கும் குழாய் வெளியே வந்துவிடக் கூடாது என்ற பயம் நியாயமானது. ஆனால் ஆஸ்பத்திரியில் டெலிரியத்தைக் கிளப்பும் ஐந்து காரணிகளை இனோயி 1996-ல் பட்டியலிட்டபோது, கட்டிவைப்பது அவற்றில் ஒன்றாக இருந்தது. சிறுநீர்க் குழாயும் ஒன்று. எனவே ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தக் குழாய் இன்றும் தேவையா?' என்பது.

*

வென்டிலேட்டரில் இருப்பவரை எழுப்பி உட்காரவைக்க முடியுமா? முடியும், நடக்கவும் வைக்கிறார்கள். 2009-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 104 பேருக்கு மயக்க மருந்தைத் தினமும் நிறுத்தி, அவர்களில் பாதிப்பேருக்கு ஆரம்ப நாட்களிலேயே பிசியோதெரபியும் அன்றாட வேலைப் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு டெலிரியம் 2 நாள் நீடித்தது, மற்றவர்களுக்கு 4 நாள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் 59 சதவீதம். பயிற்சி இல்லாதவர்களில் 35 சதவீதம்.

*

கொரோனா காலத்தில் ஐ.சி.யு. கதவுகள் சாத்தப்பட்டன. 14 நாடுகள், 69 ஐ.சி.யு.க்கள், 2088 நோயாளிகள் என்று 2021-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு வந்தது. 55 சதவீதம் பேருக்கு டெலிரியம். பென்சோடையசிபீன் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆபத்து 59 சதவீதம் கூடுதல். நேரிலோ வீடியோ அழைப்பிலோ குடும்பத்தாரைப் பார்த்தவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. செல்போன் திரையில் தெரிந்த மகள் முகமும் இந்தக் கணக்கில் அடக்கம்!

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரேசிலில் 36 ஐ.சி.யு.க்களில் பார்வை நேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை நீட்டிப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. டெலிரியம் 20.1-லிருந்து 18.9 சதவீதமாகத்தான் இறங்கியது, அதைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்தன. 'ஆளை உள்ளே விட்டால் தொற்று வரும்' என்ற பயத்துக்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. தொற்று குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று கதவைத் திறந்து மூடும் நம் ஊர் மருத்துவமனைகளின் நிர்வாகிகள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

*

கிடைக்கும் அந்த அரை மணியில் என்ன பேசுவது? 'அப்பா, நான் கலா வந்திருக்கேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, சாயந்திரம் அஞ்சு மணி. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க. மூச்சு விடக் கஷ்டமா இருந்ததால சேர்த்தோம். இப்ப நல்லாயிட்டு வருது. அம்மா வெளியில இருக்காங்க.' இவ்வளவு போதும். சின்னச் சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். 'நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். தோற்றுப்போன அவமானம் அந்த நிலையிலும் அவருக்குத் தெரியும்.

பூச்சி ஊர்கிறது என்றால் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா இருங்க' என்று வாதாட வேண்டாம். 'ஆமா, ஊருது' என்று ஒத்துப்போகவும் வேண்டாம். 'எனக்குத் தெரியலப்பா. உங்களுக்குப் பயமா இருக்கும், நான் பக்கத்துலதான் இருக்கேன்' என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

*

குழந்தைகளுக்கும் டெலிரியம் வரும். பேசத் தெரியாத கைக்குழந்தைக்கும் வரும். அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா, தூக்கினால் அழுகை அடங்குகிறதா என்ற மாதிரி நடத்தைகளைக் கவனித்து மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. 2014-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவர்கள் வெளியிட்டது.

*

ஐ.சி.யு.வில் உண்மையில் நடந்தது பலருக்கு மறந்துவிடுகிறது. நடக்காதது துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. கடத்திக்கொண்டு போய்க் கட்டிப்போட்டதாக, கப்பலில் அடைத்துவைத்ததாக, நர்ஸுகள் கூடிக் கொல்லப் பார்த்ததாக. நல்லபடியாக வீடு திரும்பியவர் 'இதைச் சொன்னா லூசுன்னு நினைப்பாங்க' என்று ஒருவரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் இரவில் விழித்துக்கொண்டிருப்பார். கேட்டால்தான் வெளியே வரும். கேளுங்கள்.

*

இதற்காகவே ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்ஸுகள் நோயாளிக்காக ஒரு டைரி எழுதும் வழக்கம் வளர்ந்தது. 'இன்று உங்கள் மனைவி வந்தார், இன்று முதல்முறை கண் திறந்தீர்கள்' என்று தினமும் சில வரிகள். வீட்டாரும் எழுதலாம். நினைவில் விழுந்த ஓட்டைகளை உண்மையால் நிரப்ப அது உதவும் என்ற எண்ணம். 2010-ல் ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வில், டைரி கிடைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் புதிதாக வந்தது. 2019-ல் பிரான்சில் இன்னும் பெரிதாகச் செய்த ஆய்வில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. டைரி நோயைத் தடுக்கிறதோ இல்லையோ, தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதால் நான் டைரியின் பக்கம்.

*

ஐ.சி.யு.விலிருந்து பிழைத்து வந்தவரின் மூளை பிறகு என்னவாகிறது? டாக்டர் பிரதிக் பண்டரிபாண்டே, ஈலி முதலியோரின் குழு 821 பேரைச் சேர்த்து, பிழைத்தவர்களைத் தொடர்ந்து சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டது. சேரும்போது அறிவுத்திறன் குறைபாடு இருந்தவர்கள் 6 சதவீதம் மட்டுமே. 74 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில் டெலிரியம் வந்தது. மூன்று மாதம் கழித்து 40 சதவீதம் பேரின் மதிப்பெண், தலையில் மிதமான அடிபட்டவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. 26 சதவீதம் பேருடையது லேசான அல்சைமர் நோயாளிகளின் அளவுக்கு. ஓராண்டு கழித்தும் அந்த எண்ணிக்கை 34, 24 சதவீதத்தில் நின்றது. டெலிரியம் நீடித்த நாட்கள் கூடக்கூட ஓராண்டு கழிந்த நிலையும் மோசமாக இருந்தது. வயதானவர்களுக்கு மட்டுமல்ல, இளையவர்களுக்கும்தான்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? முப்பது வருடம் சமைத்தவர் சாம்பாரில் எதை முதலில் போடுவது என்று அடுப்பு முன் நிற்பார். ஏ.டி.எம். எண் மறக்கும். கடைக் கணக்கு உதைக்கும். பாதி வாக்கியத்தில் பேச்சு நிற்கும். முகம் தெளிவாக, உடம்பு தேறி இருப்பதால் 'நல்லாத்தானே இருக்கார்' என்று அலுவலகம் வேலைக்குக் கூப்பிடும். அவர் தனக்குள் ஏதோ போய்விட்டது என்று தெரிந்தும் சொல்ல வார்த்தை இல்லாமல் தவிப்பார்.

*

உடல் தளர்ச்சி, மூளைத் தடுமாற்றம், மன உளைச்சல் மூன்றும் சேர்ந்த இந்த நிலைக்கு 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறி' என்று 2012-ல் பெயர் வைத்தார்கள். காத்திருந்த குடும்பத்தாருக்கு வரும் பாதிப்பும் அதில் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வராந்தாவில் பாய் விரித்து இருபது நாள் கிடந்த மனைவிக்குத் தூக்கம் போனால், அதுவும் இந்த நோயின் கணக்கில்தான் வரும்.

*

டிஸ்சார்ஜ் சம்மரியில் நிமோனியா இருக்கும், வென்டிலேட்டர் இருக்கும், ஆன்டிபயாட்டிக்கின் பெயரும் அளவும் இருக்கும். டெலிரியம் வந்ததும் எத்தனை நாள் இருந்தது என்பதும் பல சமயம் விடுபட்டுப்போகும். கேட்டு எழுதி வாங்குங்கள். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பெரிய நோயிலோ அறுவை சிகிச்சையிலோ திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். நாளைக்கு ஒரு கண்புரை, ஓர் இடுப்பெலும்பு முறிவு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.